விழுந்த பிள்ளையை உடனே தூக்காதீர்கள்

வாசகர் கேள்வி–பதில்: மைதானத்து முதலுதவி

பள்ளி விளையாட்டு விழாக்கள் தொடங்கும் மாதம் இது. மைதானத்தில் அடிபடுவதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். ஊர் வேறு, விளையாட்டு வேறு, ஆனால் முக்கால்வாசிக் கடிதங்களில் காட்சி ஒன்றுதான். பிள்ளை விழுகிறது; நாலு பேர் ஓடிவந்து "தூக்கு, தூக்கு" என்கிறார்கள்; தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் புகட்டி, கையையோ காலையோ உதறி விடுகிறார்கள். எல்லாம் அன்பினால் செய்வதுதான். அந்த அன்பைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கத்தான் இந்தப் பதில்கள்.

நான் மருத்துவர் இல்லை. அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உள்ள நேரம்தான் என் பொறுப்பில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் கபடி ஆடும்போது கை ஊன்றி விழுந்தான். முழங்கை வீங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் கையை இழுத்து நேராக்கப் பார்த்தார்கள். பிறகு எண்ணெய் போட்டு, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். ராத்திரி விரல்கள் மரத்துப்போய்விட்டன. பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஆபரேஷன் ஆயிற்று. இப்போது நன்றாக இருக்கிறான். நாங்கள் செய்ததில் எது தவறு?
— ஒரு தாய், காரைக்குடி

பதில்: அம்மா, விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஓடினீர்கள் பாருங்கள், அதுதான் அவன் கையைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஒன்றை நினைத்து முதலில் நிம்மதியாக இருங்கள்.

பிள்ளைகள் விழும்போது தானாகக் கையை நீட்டி ஊன்றுவார்கள். உடம்பின் பாரம் முழுவதும் முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் போய் இறங்கும். சிறு பிள்ளைகளுக்கு அங்கே முறிவது அதிகம். அந்த எலும்புக்கு முன்னால் ஒட்டியபடிதான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. முறிந்த முனை கூர்மையாக இருக்கும். கையை இழுத்தால் அந்த முனை குழாயில் குத்தலாம். இறுக்கிக் கட்டினாலோ, வீக்கத்துக்குப் போக இடமில்லாமல் உள்ளேயே நெரிக்கும். சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். விரல் மரத்தது அதன் அறிகுறி.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், கோகோ ஆட்டம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கம்பத்தைப் பிடிக்கத் தாவி, பிடி நழுவி விழுந்தாள். நான் ஓடிப்போய் "எழுந்திரு கண்ணு, ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். மூட்டே இல்லாத இடத்தில் அந்தக் கை மடங்கியது. அவள் அழவில்லை. "டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். கட்டுப் பிரித்த பிறகு கை வேலை செய்தது, ஆனால் பழையபடி முழுக்க நேராகவில்லை. அவள் இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இடது முழங்கை மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. விழுந்தபோதே எவ்வளவு முறிந்தது, நான் தூக்கியதில் எவ்வளவு விலகியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து எந்தப் பிள்ளையையும் கையைப் பிடித்துத் தூக்கியதில்லை.

இனி யாருக்காவது நேர்ந்தால், விழுந்த இடத்திலேயே இருக்க விட்டு, பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். "எங்கே வலிக்குது, விரலை ஆட்டிக் காட்டு" என்று கேளுங்கள். கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் வைத்து, மடித்த செய்தித்தாளோ அட்டையோ அண்டை கொடுத்து, துப்பட்டாவால் தளர்வாகத் தாங்கல் கட்டுங்கள். முறிந்த இடத்துக்கு நேர் மேலே முடிச்சு வேண்டாம். வளையல், வாட்ச், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் உடனே எடுத்துவிடுங்கள். கயிற்றை வெட்டத் தயங்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் ஏறினால் அந்தக் கயிறே சுருக்காகிவிடும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், வெட்டுங்கள்.

பிறகு நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, விரல் சில்லிட்டாலோ, மரத்தாலோ, ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. போகிற வழியில் டீ, பிஸ்கட், ஜூஸ் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருந்தால் வெறும் வயிறாக இருப்பது நல்லது.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, டீச்சர். வட்டார அளவிலான கிரிக்கெட் போட்டியில் எங்கள் மாணவனின் தலையில் பந்து பட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு "ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்றான். நான் அவனை இறக்கிவிட்டேன். தோற்றுவிட்டோம். பெற்றோரும் தலைமையாசிரியரும் இன்றும் என்னிடம் வருத்தத்தில் இருக்கிறார்கள். நான் அவசரப்பட்டுவிட்டேனா?
— ஓர் ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இல்லை தம்பி. நீங்கள் செய்ததுதான் சரி. இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் கிரிக்கெட் டெஸ்ட். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட, எகிறி வரும் பவுன்சர் பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குக் கீழே பட்டது. அவர் அப்படியே சாய்ந்தார். அணி மருத்துவர் பரிசோதித்தார். அதில் அவர் தேறினார். முக்கால் மணி நேரம் போல் கழித்துத் திரும்பி வந்து ஆடி, 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் தலை கிறுகிறுப்பும் மந்தமும் தெரிந்தன. அவர் விலக்கப்பட்டார், மார்னஸ் லபுஷேன் பதிலாக இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் தலை அதிர்ச்சிக்காக இறங்கிய முதல் மாற்று வீரர் அவர்தான்; அந்த விதி அந்த மாதம் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. கூடவே மருத்துவர் இருக்கும் உலக வீரருக்கே அறிகுறி ஒரு ராத்திரி கழித்துத் தெரிகிறது. 14 வயதுப் பையன் ஒரு நிமிடத்தில் சொன்ன "ஒண்ணுமில்ல சார்" என்பதை நம்பி எப்படி மட்டையைக் கொடுப்பது?

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. குலுங்கிய மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் பிள்ளைகளுக்கு அது மிகப் பெரிய ஆபத்து. அதனால் விதி ஒன்றுதான்: தலையில் அடிபட்டுச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. இறுதிப் போட்டியானாலும் கிடையாது.

"உன் பேரென்ன, எத்தனை விரல்" என்று கேட்பதால் பெரிதாகப் பயனில்லை. குழம்பிய பிள்ளையும் பேரைச் சரியாகச் சொல்லும். "இப்ப எந்த மைதானத்துல இருக்கோம்? கடைசியா யார் அவுட்டானது? போன மேட்ச் யாரோட? ஜெயிச்சோமா?" என்று கேளுங்கள். ஒன்றுக்குத் தடுமாறினாலும் போதும்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடும், தாளில் எழுதிக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, உளறல், கை கால் ஒரு பக்கம் தளர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது. இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு மருத்துவர் பார்ப்பது நல்லது. முதல் இரண்டு நாள் அலட்டல் இல்லாமல் இருக்கட்டும், செல்போனைக் குறைக்கட்டும். வீட்டுக்குள் நடமாடலாம். பாடம் படித்தால் தலை வலிக்கவில்லை என்று ஆன பிறகுதான் மைதானம். முதலில் நடை, பிறகு மெது ஓட்டம், பிறகு தனியாகப் பந்துப் பயிற்சி, மருத்துவர் சரி என்ற பிறகு மற்றவர்களோடு ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட வேண்டும். எப்படிப் போனாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. பல பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வாரம்கூட ஆகும்.

விழுந்தவன் கழுத்து வலி என்றாலோ, கை கால் மரத்தது என்றாலோ, நினைவில்லாமல் கிடந்தாலோ அசைக்கவே அசைக்காதீர்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்லுங்கள். மூச்சு நின்றால் மட்டும் அந்த விதி மாறும். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு வாலிபால் ஆடும்போது மூக்கில் அடிபட்டு ரத்தம் கொட்டியது. தலையை அண்ணாந்து வைக்கச் சொன்னார்கள். வாந்தி வாந்தியாக எடுத்தாள். இன்னொரு பெண்ணுக்குப் பல்லே விழுந்துவிட்டது. இரண்டுக்கும் என்ன செய்வது?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், வயிற்றைப் புரட்டும். வாந்தி அதனால்தான். உட்கார வைத்து, தலையை லேசாக முன்னால் குனிய வைத்து, மூக்கின் எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் பிடித்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். வாயால் மூச்சு விடட்டும். "நின்னுடுச்சா" என்று நடுவில் நடுவில் திறந்து பார்ப்பதுதான் நாம் செய்யும் பிழை. 20 நிமிடத்துக்கு மேலும் நிற்கவில்லை என்றாலோ மூக்கு கோணியிருந்தாலோ ஆஸ்பத்திரி.

பல் விஷயத்தில் மட்டும் ஓடுங்கள். விழுந்தது நிலைப் பல் என்றால் அதை மீண்டும் பொருத்த முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மண்ணில் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேர்ப் பகுதியில் கை படக் கூடாது, தேய்க்கவும் கூடாது. அழுக்கிருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ ஒரே ஒரு முறை அலசுங்கள். அந்தக் குழியிலேயே வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்வதுதான் மிகச் சிறந்தது. பிள்ளை பயந்தால், ஒரு டம்ளர் ஆறிய பாலில் பல்லைப் போட்டு எடுத்துப் போங்கள். எந்தப் பள்ளிக்கு எதிரிலும் டீக்கடை உண்டு, பால் கிடைக்கும். கைக்குட்டையில் சுற்றினால் வேர் காய்ந்துவிடும். அரை மணி, முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பால் பல் விழுந்தால் இதெல்லாம் வேண்டாம், திரும்ப வைக்கக் கூடாது.

கேள்வி: கணுக்கால் பிசகினால் நீவி விடலாமா? ஐஸ் எங்கே கிடைக்கும்? சுளுக்கா முறிவா என்று எப்படித் தெரியும்?
— கபடி ஆடும் பிளஸ் ஒன் மாணவி, ஒட்டன்சத்திரம்

பதில்: முதல் இரண்டு மூன்று நாள் நீவாதே கண்ணு. உள்ளே கிழிந்திருக்கும் நார்களை நீவினால் கசிவும் வீக்கமும் கூடும். எண்ணெய், வெந்நீர் ஒத்தடம், தைலம் எதுவும் அப்போது வேண்டாம். கிரிக்கெட்டில் பார்க்கும் ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு மறுபடி களத்தில் இறங்குவது அதைவிட மோசம். அது வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது.

ஐஸுக்கு என் வழி: காலி பால் கவரைக் கழுவி, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஆசிரியர் அறை ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் படுக்கை வாட்டில் வைத்துவிடுவேன். தட்டையாக உறையும், கணுக்காலைச் சுற்றி நன்றாகப் படியும். எப்போதும் நாலு கவர் இருக்கும். துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும். வெறும் ஐஸைத் தோலில் வைத்து ஒரு பெண்ணுக்குப் புண்ணானதைப் பார்த்திருக்கிறேன்.

அடிபட்டவுடனும், பிறகு மருத்துவரிடம் போனபோதும், நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் சுரீர் என்றாலும் வேண்டும்.

வராமல் தடுக்க, ஒரு காலில் நின்று பழகு. பல் தேய்க்கும்போது இடது காலில், தலை வாரும்போது வலது காலில். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, இரண்டும் உள்பக்கம் சாயாமல் இறங்கு. பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் நார் அறுவது பையன்களைவிட அதிகம், அதனால் இது உனக்கு மிக முக்கியம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சிறுவர் கால்பந்துக்கென்று உருவாக்கிய '11 பிளஸ் கிட்ஸ்' பயிற்சியில் இருப்பதும் இதே வகைதான்: ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல், பத்திரமாக விழக் கற்றல். பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு ஆட்டத்தில் இறங்குவதை 'வார்ம் அப்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பத்தாது.

ஆட்டத்துக்கு முன் கண்ணாடி வளையல், ஹேர்பின், துப்பட்டாவில் குத்தும் ஊக்கு, நீண்ட நகம் எதுவும் இருக்கக் கூடாது. நான் விசிலோடு ஒரு நகவெட்டியையும் கழுத்தில் தொங்க விட்டிருப்பேன்.

கேள்வி: பள்ளி விளையாட்டு விழாவுக்கு மைதானத்தைத் தயார் செய்கிறோம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— ஒரு தலைமையாசிரியை, கடலூர் மாவட்டம்

பதில்: மேடம், யாரும் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். டிராக் போட என்ன தூள் வாங்குகிறீர்கள்?

பல பள்ளிகளில் சுண்ணாம்புத் தூளைத்தான் வாங்குகிறோம். மலிவு, பளிச்சென்று தெரியும். ஆனால் அது காரம். கண்ணில் விழுந்தால் வெந்துகொண்டே உள்ளே இறங்கும், பார்வையே போகலாம். காற்றடிக்கும் நாளில் எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கையில் சட்டியைக் கொடுத்து "கோடு போடுங்க" என்று அனுப்புகிறோம். ஓட்டத்தில் விழும் பிள்ளையின் முகம் அந்தக் கோட்டின் மேல்தான் போய் மோதுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன். ஒரு நாள் கோடு போட்ட பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். நல்ல வேளையாகக் குடிதண்ணீர்க் குழாய் பத்தடியில் இருந்தது. அதன் கீழே தலையைச் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தண்ணீர் விட்டேன். "போதும் டீச்சர், சரியாயிடுச்சு" என்று கெஞ்சினாள், விடவில்லை. மேல் இமையைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. ஈரத் துணியின் நுனியால் எடுத்தேன். அதை விட்டிருந்தால் ஆஸ்பத்திரி போகும்வரை அது வேலை செய்துகொண்டே இருந்திருக்கும். கண் மருத்துவர், "தண்ணீர் விட்டதுதான் காப்பாற்றியது" என்றார். அடுத்த வருடத்திலிருந்து கோலமாவுதான். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் பள்ளியிலும் சுண்ணாம்பை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது எறியும் போட்டிகள். 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டி எறியும் இடத்தில் உதவிக்கு நின்ற பள்ளி மாணவனின் தலையில், பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஹேமர் த்ரோவின், கம்பியில் கட்டிச் சுழற்றி எறியும் குண்டு வந்து விழுந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் போராடி அந்தப் பிள்ளை இறந்துபோனான். போட்டியாளன்கூட இல்லை, உதவ வந்தவன். ஒரே நேரத்தில் ஒரே எறிதல்தான் நடக்க வேண்டும். வட்டு, ஈட்டி, குண்டு விழும் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். எல்லாரும் எறிந்து முடித்து விசில் அடித்த பிறகுதான் எடுக்கப் போக வேண்டும், ஓடக் கூடாது, நடந்துதான். மண்ணில் சாய்ந்து நிற்கும் ஈட்டியின் வால் முனை, ஓடி வரும் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். எடுத்த ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தே கொண்டுவர வேண்டும், திருப்பி எறியக் கூடாது. நேரமில்லை என்று நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். மீறி யாருக்காவது ஈட்டி பாய்ந்துவிட்டால் பிடுங்காதீர்கள். ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். இரு பக்கமும் துணி அண்டை கொடுத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டு 108 வரக் காத்திருங்கள்.

மற்றவை சுருக்கமாக: நீளந்தாண்டும் மணலைக் கொத்தி, கையால் துழாவிக் கண்ணாடிச் சில்லு தேடுங்கள். கால்பந்து கோல் கம்பத்தைத் தரையோடு பிணையுங்கள், அல்லது பின்னால் மணல் மூட்டை வையுங்கள். பிணைக்காத கம்பத்தில் தொங்கிய பிள்ளைகள் பல நாடுகளில் செத்திருக்கிறார்கள். கூடைப்பந்துக் கம்பத்தின் அடி துருப்பிடித்திருந்தால் ஆட்டமே வேண்டாம்.

கேள்வி: அணிவகுப்புப் பயிற்சியில் என் பேத்தி மயங்கி விழுந்தாளாம். வெயில் மயக்கத்துக்கு வெங்காயம் முகர வைக்கலாமா?
— ஒரு பாட்டி, விருத்தாசலம்

பதில்: வெங்காயம் வேண்டாம் அம்மா. நிமிர்த்தி உட்கார வைக்கவும் வேண்டாம். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கி மூளைக்குக் குறைகிறது, அதனால் விழுகிறார்கள். கீழே படுத்திருப்பதுதான் அதற்கு மருந்து. படுத்தபடியே நிழலுக்குக் கொண்டுபோய், காலை ஒரு பையின் மேல் உயர்த்தி வைத்தால் ஓரிரு நிமிடத்தில் கண் விழிப்பார்கள். முழுதாகத் தெளிந்த பிறகு தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ கொடுக்கலாம்.

பேத்தி காலையில் சாப்பிட்டுப் போகிறாளா என்று பாருங்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்பது, பத்து படிக்கும் பெண்கள் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடுகிறார்கள். என் பயிற்சியில் விழுந்தவர்களிடம் முதலில் கேட்பது "என்ன சாப்பிட்டே?" என்றுதான். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ரத்தசோகையும் சேர்ந்திருக்கும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஆனால் விழுந்த பிள்ளை தெளியாமல், உடம்பு கொதிக்க, தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வேறு. அது வெப்பத் தாக்கு. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் குடம் குடமாகத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். பெரிய தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை தண்ணீரில் இறக்குங்கள். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடம்பு குளிர்வதற்கு ஆகும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதுக்கு மேல் நான் பயிற்சி வைத்ததே இல்லை.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு, ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) உறுப்பினர். ஓடிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் திடீரென்று விழுந்து வெட்டி இழுத்தார். எல்லாரும் வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். பிறகுதான் இதயம் நின்றிருந்தது என்று தெரிந்தது. பிழைத்துவிட்டார். இப்படி நடந்தால் என்னைப் போன்ற சின்னப் பெண் ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு மாணவி, தென்காசி

பதில்: முடியும் மகளே. வந்த கடிதங்களில் உன் கடிதத்தைத்தான் மூன்று முறை படித்தேன்.

முதலில் சாவியைப் பற்றி. வலிப்பிலேயே இரும்பு எதுவும் செய்யாது. வலிப்பு தானாக நிற்கும்போது சாவி நிறுத்தியதாக நமக்குத் தோன்றுகிறது. வலிப்பு வந்தால் சுற்றியிருக்கும் கல்லையும் கம்பத்தையும் விலக்கி, வாயில் எதுவும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு, நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஓடும்போதோ ஆடும்போதோ, யாரும் இடிக்காமல் ஒருவர் மரம் சாய்வது போல விழுந்தால், அல்லது நெஞ்சில் பந்து பட்டு விழுந்தால், முதல் சந்தேகம் இதயத்தின் மேல் இருக்க வேண்டும். இதயம் நின்றதும் மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடி கை கால் இழுக்கும். அதைத்தான் அன்று எல்லாரும் வலிப்பு என்று நினைத்தார்கள். வாய் திறந்து மூடி, இடைவெளி விட்டு விட்டுக் கொறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். "மூச்சு இருக்கு" என்று ஏமாந்துவிடுவோம். அது மூச்சே இல்லை.

2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க், பின்லாந்து கால்பந்து ஆட்டம். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் தனியாக ஓடிவந்தவர் அப்படியே விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை. விழுந்த புல் தரையிலேயே நெஞ்சை அழுத்தினார்கள், அங்கேயே கருவி வைத்து மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த வருடமே மறுபடி ஆட வந்துவிட்டார்.

தோளைத் தட்டிக் கூப்பிடு. பதிலில்லை, நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கவில்லை என்றால், ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ 108க்குப் போன் பண்ணு, ஸ்பீக்கர்ல போடு" என்று சொல். பொதுவாக "யாராவது பண்ணுங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று. முழங்கையை மடக்காதே. உன் உடம்பின் பாரத்தையே இறக்கு. 5 செ.மீ. அமுங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முழுக்க மேலே வர விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் உனக்குக் கை ஓய்ந்துவிடும், அடுத்தவர் மாற்ற வேண்டும். அதற்காகத்தான் உன் ஜே.ஆர்.சி. குழு முழுவதும் பழகியிருக்க வேண்டும். நீ சின்னப் பெண் இல்லை. 12 வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மணி நேரம் இதைப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்ற பரிந்துரைக்கு 2015இலேயே உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. பொம்மை இல்லாவிட்டால் புத்தகப் பையில் துணியை இறுக்கித் திணித்து அதன் மேல் பழகுங்கள். நாங்கள் அப்படித்தான் பழகினோம். மே மாத வெயிலில் வகுப்பறை பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு, 40 பெண்கள் 40 பையின் மேல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு அழுத்தினார்கள்.

இன்னொரு வேலையும் உனக்குத் தருகிறேன். உங்கள் மைதானத்துக்கு ஆம்புலன்ஸ் நுழையும் அளவுக்குப் பெரிய கேட் எந்தத் தெருவில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே கேட்டுத் தெரிந்துகொள். பல பள்ளிகளில் பின் கேட் பூட்டியே கிடக்கும், சாவி வாட்ச்மேன் வீட்டில் இருக்கும். அந்தத் தெருப் பெயரையும் பக்கத்துக் கடைப் பெயரையும் பெரிதாக எழுதி, விளையாட்டுச் சாமான் அறைக் கதவில் ஒட்டு. 108இல் "எங்கே வரணும்?" என்று கேட்கும்போது பதற்றத்தில் எல்லாருக்கும் சொந்தப் பள்ளியின் விலாசமே மறந்துபோகும்.